‘போமட்’ அடிப்பதற்கு முன்: மென்பொருள்களை இழக்காமல் விண்டோஸைத் திருத்துவது எப்படி?

“அன்ரி, இது போமட் அடிச்சால்தான் சரிவரும்.”

“உள்ளுக்கை இருக்கிறது ஒண்டும் போகாதுதானே, தம்பி?”

“இல்லை அன்ரி, டேட்டா எல்லாம் எடுத்துத் தருவன்.”

சில வருடங்களுக்கு முன்னர், வன்னியின் சிறு நகரமொன்றில் உள்ள கணினி திருத்தும் கடையில் என் பெரியம்மாவுக்கும் அங்கு வேலை செய்த இளைஞருக்கும் இடையில் நடந்த உரையாடல் இது. அந்த இளைஞர் பொய் சொல்லவில்லை. மறுநாள் லப்டொப் வீட்டுக்கு வந்தபோது பெரியம்மாவின் கோப்புகள் ஒரு கோப்புறையில் பத்திரமாக இருந்தன. ஆனால் கடிதங்களைத் திறந்தால் தமிழைக் காணவில்லை. பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துக்களும் குறியீடுகளும் சிதறிக் கிடந்தன.

அவை காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனுக்காகப் பெரியம்மா பல வருடங்களாக எழுதிய கடிதங்கள். எல்லாம் ‘பாமினி’ எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. போமட் அடித்தபோது எழுத்துருவும் போய்விட்டது. ஸ்கானர் மென்பொருளும் போயிருந்தது. அதன் சீடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய இழப்பொன்றும் இருந்தது. அந்த மென்பொருள், ஸ்கான் செய்த படங்களை ‘டொக்கியுமென்ட்ஸ்’ கோப்புறையில் அல்ல, ‘சி’ பகுதியில் தனக்கென வைத்திருந்த கோப்புறையில் சேமித்து வந்திருக்கிறது. கடையில் அதை யாரும் கவனிக்கவில்லை. முறைப்பாடு செய்தபோது தரப்பட்ட பற்றுச்சீட்டுகளின் பிரதிகள் அதற்குள்தான் இருந்தன.

பாமினியை மீண்டும் நிறுவியதும் கடிதங்கள் தமிழாகின. பற்றுச்சீட்டுகள் திரும்பி வரவில்லை.

அந்த லப்டொப்பைப் போமட் அடித்திருக்க வேண்டியதில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். விண்டோஸ் பழுதானால், நிறுவிய மென்பொருள்களையும் கோப்புகளையும் அப்படியே வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் புதுப்பிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பணம் செலவில்லை. நேரமும் இணைய டேட்டாவும்தான் வேண்டும்.

போமட், ரீசெட், திருத்தல்: மூன்றும் வேறு

கணினிக்குள் இருப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது விண்டோஸ் என்கிற இயங்குதளம். பாடசாலைப் புத்தகங்களில் ‘பணிசெயல் முறைமை’ என்று வருவது. இரண்டாவது, அதன்மேல் நாம் நிறுவிய மென்பொருள்கள்: ஒபிஸ், தட்டச்சுச் செயலி, எழுத்துருக்கள், கணக்கு மென்பொருள், பிரின்டர், ஸ்கானர் போன்றவை. மூன்றாவது நமது சொந்தக் கோப்புகள்: கடிதங்கள், படங்கள், காணொளிகள்.

சொந்தக் கோப்புகளைப் பென் டிரைவ்வுக்குக் கொப்பி செய்தால் வேறு கணினியிலும் திறக்கலாம். மென்பொருளை அப்படிச் செய்ய முடியாது. ஒரு மென்பொருளை நிறுவும்போது அதன் துண்டுகள் பல இடங்களில் போய் அமர்கின்றன. ‘புரோகிராம் பைல்ஸ்’ கோப்புறையில் ஒரு பகுதி, விண்டோஸ் கோப்புறைக்குள் இன்னொரு பகுதி, ‘ரெஜிஸ்ட்ரி’ என்கிற பதிவேட்டில் அதன் அமைப்புகளும் உரிம விபரங்களும். ஒரு கோப்புறையை மட்டும் கொப்பி செய்து வைத்தால் பெரும்பாலான மென்பொருள்கள் இயங்காது. மூலச் சீடியோ உரிம இலக்கமோ தொலைந்திருந்தால், போமட் அடித்த பின்னர் அந்த மென்பொருளைத் திரும்பப் பெறுவது கடினம்.

இப்போது மூன்று வழிகளையும் பார்ப்போம்.

போமட் அடித்துப் புதிதாக நிறுவுதல்: விண்டோஸ் இருக்கும் பகுதியில் உள்ள அனைத்தும் அழியும். முன்கூட்டியே கொப்பி செய்தவை மட்டும் மிஞ்சும்.

ரீசெட்: விண்டோஸின் உள்ளேயே இருக்கும் வசதி. இதில் ‘கீப் மை பைல்ஸ்’ என்று ஒரு தெரிவு உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சொந்தக் கோப்புகளை வைத்திருக்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள்களை நீக்கிவிடும். நீக்கியவற்றின் பட்டியல் ஒன்றை மட்டும் திரையில் விட்டுச் செல்லும்.

இருந்த இடத்திலேயே திருத்தல்: கணினித் துறையில் இதை ‘இன்பிளேஸ் அப்கிரேட்’ அல்லது ‘ரிப்பெயர் இன்ஸ்டோல்’ என்பார்கள். ஏற்கனவே உள்ள விண்டோஸின்மேல் அதே விண்டோஸை மீண்டும் நிறுவுவது. பழுதான விண்டோஸ் கோப்புகள் புதியவையாக மாறும். மென்பொருள்களும் சொந்தக் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும். கூரை ஒழுகினால் ஓடுகளை மாற்றலாம். வீட்டை இடிக்க வேண்டியதில்லை.

முதல் வேலை: ஆவணப் பை

இடம்பெயர்ந்து வாழ்ந்த எவருக்கும் ஆவணப் பை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, குடும்ப அட்டை எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள். ஓடும்போது முதலில் கைக்கு வந்தது அதுதான். இன்று அந்தப் பையின் பெரும்பகுதி கணினிக்குள் இருக்கிறது. 2010 இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் பரணகம ஆணைக்குழு, அதன் பின்னர் 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என ஒவ்வோர் இடத்திலும் அதே கடிதங்களை, அதே படங்களை, அதே இலக்கங்களை மீண்டும் மீண்டும் கொடுத்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவற்றுக்குக் கணினியில் உள்ள பிரதியே கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம்.

ஆகவே எந்தத் திருத்த வேலைக்கும் முன்னர் கொப்பி எடுங்கள். திருத்தல் முறை கோப்புகளை அழிப்பதில்லை என்பது உண்மை. ஆனாலும் இடையில் மின்சாரம் நிற்கலாம், வன்தட்டு செயலிழக்கலாம்.

எவற்றைக் கொப்பி எடுக்க வேண்டும்?

டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகிய கோப்புறைகள். வெளிநாட்டிலுள்ள உறவுகள் வைபரில் அனுப்பிய படங்கள் கணினியில் பெரும்பாலும் டொக்கியுமென்ட்ஸுக்குள் ‘வைபர்டவுன்லோட்ஸ்’ என்ற கோப்புறையில் இருக்கும்.

‘சி’ பகுதியைத் திறந்தவுடன் தெரியும் கோப்புறைகள். அறிமுகமில்லாத பெயரில் ஏதாவது இருந்தால் உள்ளே சென்று பாருங்கள். ஸ்கானர், கணக்கு மென்பொருள், பழைய தட்டச்சு மென்பொருள் ஆகியவை அங்கே சேமித்திருக்கக்கூடும்.

எழுத்துருக்கள். ‘சி’ பகுதியில் விண்டோஸ், அதற்குள் ‘பொன்ட்ஸ்’ என்ற கோப்புறையிலிருந்து பாமினி முதலிய தமிழ் எழுத்துருக்களைப் பென் டிரைவ்வுக்கு எடுத்து வையுங்கள். பழைய எழுத்துருவில் உள்ள முக்கிய கடிதங்களை இப்போதே பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிட்டால், பிற்காலத்தில் எழுத்துரு இல்லாத கணினியிலும் அவற்றைத் தமிழிலேயே வாசிக்கலாம்.

பழுது விண்டோஸிலா, வன்தட்டிலா?

இதைக் கேட்காமல் வேலையைத் தொடங்கக்கூடாது. வன்தட்டு ‘டக் டக்’ என்று ஒலி எழுப்பினால், கோப்புகளைக் கொப்பி செய்யும்போது அடிக்கடி நின்று பிழைச் செய்தி வந்தால், ஒரு கோப்புறையைத் திறக்கவே பல நிமிடங்கள் ஆனால், பழுது வன்தட்டில் இருக்க வாய்ப்புண்டு. ‘கிறிஸ்டல்டிஸ்க்இன்போ’ என்ற இலவச மென்பொருள் வன்தட்டின் நிலையைக் காட்டும். ‘கோஷன்’ அல்லது ‘பாட்’ என்று காட்டினால் எந்தத் திருத்தமும் செய்ய வேண்டாம். சாகும் நிலையில் உள்ள வன்தட்டில் திருத்த வேலை நடத்தினால் அது இன்னும் விரைவில் சாகும். முதலில் முக்கியமான கோப்புகளை எடுத்துவிட்டு, வன்தட்டை மாற்றுவதே வழி.

சிறு மருந்துகள்

வன்தட்டு நன்றாக இருந்தால் சிறிய வழிகளை முதலில் முயலலாம்.

இற்றைப்படுத்தலின் பின்னர் பிரச்சினை தொடங்கியிருந்தால், ‘செட்டிங்ஸ்’ ஊடாக ‘விண்டோஸ் அப்டேட்’ சென்று, ‘அப்டேட் ஹிஸ்டரி’யில் கடைசியாக வந்ததை நீக்கிப் பாருங்கள்.

‘சிஸ்டம் ரெஸ்டோர்’ இயக்கத்தில் இருந்திருந்தால், கணினியின் அமைப்பை முன்னைய ஒரு திகதிக்குக் கொண்டுபோகலாம். சொந்தக் கோப்புகளை அது தொடாது. அந்தத் திகதிக்குப் பின்னர் நிறுவிய மென்பொருள்கள் மட்டும் போகும்.

மூன்றாவது, விண்டோஸ் தன் கோப்புகளைத் தானே சரிபார்க்கும் கட்டளைகள். ‘ஸ்டார்ட்’ பொத்தானில் வலது கிளிக் செய்து ‘டேர்மினல் அட்மின்’ அல்லது ‘பவர்ஷெல் அட்மின்’ என்பதைத் திறவுங்கள். முதல் கட்டளை: டி-ஐ-எஸ்-எம், இடைவெளி, முன்சாய்ந்த கோடும் ‘ஒன்லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லும், இடைவெளி, கோடும் ‘கிளீன்அப்-இமேஜ்’ என்பதும் (நடுவில் சிறுகோடு), இடைவெளி, கோடும் ‘ரெஸ்டோர்ஹெல்த்’ என்பதும். இதற்கு இணைய இணைப்பு வேண்டும். அது 100 சதவீதம் முடிந்த பின்னர் இரண்டாவது கட்டளை: எஸ்-எஃப்-சி, இடைவெளி, முன்சாய்ந்த கோடு, இடைவெளி விடாமல் ‘ஸ்கேன்நவ்’. இவ்வளவில் தீராவிட்டால் அடுத்ததுதான் பெரிய வேலை.

விண்டோஸின்மேல் விண்டோஸ்

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை:

விண்டோஸ் திறக்க வேண்டும். இந்த முறை, இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் இருந்துதான் செய்யப்படுகிறது. பென் டிரைவ்விலிருந்து கணினியைத் தொடக்கினால் மென்பொருள்களை வைத்திருக்கும் தெரிவு கிடைக்காது. பலர் தவறுவது இங்கேதான்.

வகை பொருந்த வேண்டும். ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘அபவுட்’ பக்கத்தில் ஹோமா, புரோவா, 64 பிட்டா, 32 பிட்டா, எந்தப் பதிப்பு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவிறக்கும் கோப்பு அதே வகையாக, அதே பதிப்பாக அல்லது புதிய பதிப்பாக இருக்க வேண்டும்.

மொழியும் பொருந்த வேண்டும். அமெரிக்க ஆங்கிலம், சர்வதேச ஆங்கிலம் என இரண்டு ஆங்கிலங்கள் உண்டு. விண்டோஸ் முதலில் எதில் நிறுவப்பட்டதோ அதிலேயே எடுக்க வேண்டும்.

இடம் வேண்டும். ‘சி’ பகுதியில் குறைந்தது 25 ஜிபி வெற்றிடம் வைத்திருங்கள்.

மின்சாரம் வேண்டும். லப்டொப் என்றால் பற்றரி நிறைந்திருக்க, சார்ஜரும் இணைந்திருக்க வேண்டும். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இருந்தால் நல்லது. மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளில் இதைத் தொடங்க வேண்டாம்.

பிட்லொக்கர் திறப்பு இலக்கம். புதிய லப்டொப்கள் பலவற்றில் வன்தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். திருத்தத்தின்போது கணினி 48 இலக்கங்கள் கொண்ட திறப்பைக் கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் கோப்புகளை உங்களாலேயே திறக்க முடியாமற் போகும்.

இனி வேலை.

1. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து விண்டோஸின் ‘ஐஎஸ்ஓ’ கோப்பைப் பதிவிறக்குங்கள். 5 முதல் 7 ஜிபி வரை வரும். இரவு நேர டேட்டா இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். வேறு தளங்களில் கிடைக்கும் ‘கிராக்’ பதிப்புகளைத் தொட வேண்டாம்.

2. பென் டிரைவ், பிரின்டர் போன்றவற்றைக் கழற்றுங்கள். வேறு நிறுவனத்தின் அன்டிவைரஸ் இருந்தால் தற்காலிகமாக நீக்குங்கள்.

3. ஐஎஸ்ஓ கோப்பை இருமுறை கிளிக் செய்தால் அது ஒரு சீடி போலத் திறக்கும். உள்ளே உள்ள ‘செட்டப்’ என்பதை இயக்குங்கள்.

4. இற்றைப்படுத்தல்களை இப்போதே பதிவிறக்கவா என்று கேட்டால் ‘நொட் ரைட் நவ்’ என்பதைத் தெரிவு செய்யலாம். வேலை விரைவாக முடியும்.

5. இறுதியில் ‘ரெடி டு இன்ஸ்டோல்’ என்ற திரை வரும். அதில் ‘கீப் பேர்சனல் பைல்ஸ் அன்ட் அப்ஸ்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். தனிப்பட்ட கோப்புகளையும் செயலிகளையும் வைத்திரு என்பது அதன் பொருள். அந்த வரி இல்லாவிட்டால் ‘சேஞ்ச் வட் டு கீப்’ என்பதை அழுத்தி அதைத் தெரிவு செய்யுங்கள்.

6. அந்தத் தெரிவு மங்கலாகி, அழுத்த முடியாமல் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வகையோ மொழியோ பதிப்போ பொருந்தவில்லை என்று அர்த்தம். அடுத்துள்ள ‘பேர்சனல் பைல்ஸ் ஒன்லி’ மென்பொருள்களை நீக்கும். ‘நத்திங்’ அனைத்தையும் நீக்கும். இந்தத் திரையில் விலகினால் எதுவும் கெடாது.

7. ‘இன்ஸ்டோல்’ அழுத்திய பின்னர் கணினி பல தடவைகள் நின்று தொடங்கும். பழைய சுழலும் வன்தட்டு என்றால் சில மணித்தியாலங்கள்கூட எடுக்கலாம். ஒரே சதவீதத்தில் நீண்ட நேரம் நின்றாலும் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.

வேலை இடையில் தோற்றால், பெரும்பாலும் கணினி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும். உள்ளே சில பகுதிகள் வெட்டப்பட்ட திருட்டு விண்டோஸ் பிரதிகளில் இந்த முறை சரிவராமலும் போகலாம்.

விண்டோஸ் 11 பாவிப்பவர்களுக்கு இதைவிட இலகுவான வழி உண்டு. 2024 பெப்ரவரிக்குப் பின்னரான இற்றைப்படுத்தல்களைப் பெற்ற கணினிகளில் ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ரிக்கவரி’ சென்றால், ‘பிக்ஸ் புரொப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்’ என்ற வரியின் அருகே ‘ரீஇன்ஸ்டோல் நவ்’ என்ற பொத்தான் இருக்கும். அதே வேலையை அது தானாகச் செய்யும். அதே பக்கத்தில் ‘ரீசெட்’ பொத்தானும் இருக்கிறது. இரண்டையும் மாறி அழுத்திவிட வேண்டாம்.

விண்டோஸ் திறக்கவே இல்லையென்றால்?

கணினி தொடங்கும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இப்படி இரண்டு, மூன்று தடவைகள் செய்தால் நீல நிறத் திருத்தத் திரை தானாக வரும். அங்கே ‘டிரபிள்ஷூட்’, பின்னர் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’. ‘ஸ்டார்ட்அப் ரிப்பெயர்’, ‘அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்’, ‘சிஸ்டம் ரெஸ்டோர்’ ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் முயலுங்கள். இவை சொந்தக் கோப்புகளைத் தொடுவதில்லை. விண்டோஸ் ஒரு தடவை திறந்துவிட்டால், உடனே கோப்புகளைக் கொப்பி எடுத்துவிட்டு மேலே சொன்ன முறையைச் செய்யலாம்.

அப்போதும் திறக்காவிட்டால், வேறு கணினியில் ‘உபுண்டு’ என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவ்வில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் கணினியைத் தொடக்கலாம். ‘ட்ரை’ என்பதைத் தெரிவு செய்தால் வன்தட்டில் எதையும் நிறுவாமல் கோப்புகளை வெளியே எடுக்கலாம். இந்த நிலைக்கு வந்த பின்னர்தான் போமட் பற்றி யோசிக்க வேண்டும்.

ஏற்கனவே போமட் அடித்து, முக்கியமான கோப்பு போய்விட்டதென்று தெரிந்தால், அந்தக் கணினியில் புதிதாக எதையும் சேமிக்காமல் உடனே நிறுத்துங்கள். சுழலும் வன்தட்டில் மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. பெரியம்மாவின் லப்டொப்பில் நாங்கள் சில கிழமைகள் கழித்தே தேடினோம். அதற்குள் பழைய இடத்தின்மேல் புதியவை எழுதப்பட்டுவிட்டன.

முடிந்த பின்னர்

பிரின்டர், ஸ்கானர், தமிழ்த் தட்டச்சு, ஒபிஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பழைய விண்டோஸ் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறையில் 10 நாட்கள் இருக்கும். ஏதாவது சரியில்லை என்றால் அந்த நாட்களுக்குள் ‘ரிக்கவரி’ பக்கத்தில் ‘கோ பேக்’ அழுத்தித் திரும்பலாம். ஆகவே இடம் போதவில்லையென்று அந்தக் கோப்புறையை உடனே அழிக்காதீர்கள்.

விண்டோஸ் 10 பாவிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. தனிநபர்கள் பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும் என மைக்ரோசொப்ட் அறிவித்தது. உங்கள் கணினி விண்டோஸ் 11 க்குத் தகுதியானதென்றால், இதே முறையில் விண்டோஸ் 11 இன் ஐஎஸ்ஓவை இயக்கி, மென்பொருள்களை இழக்காமலேயே மாறலாம்.

கடைக்குப் போவதென்றால்

எல்லோராலும் இதை வீட்டில் செய்ய முடியாது. கடைக்காரர் போமட் அடிப்பதும் கெட்ட எண்ணத்தால் அல்ல. அது விரைவானது, விளைவு நிச்சயமானது. மென்பொருள்களை வைத்துத் திருத்துவதற்கு நேரம் அதிகம். அந்த நேரத்துக்கான கூலியைக் கொடுக்கத் தயார் என்று முதலிலேயே சொல்லுங்கள். பின்னர் இந்த நான்கையும் கேளுங்கள்:

வன்தட்டு நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

போமட் அடிக்காமல் ‘ரிப்பெயர் இன்ஸ்டோல்’ செய்து பார்க்க முடியுமா?

போமட் தவிர்க்க முடியாதென்றால், அடிப்பதற்கு முன்னர் எனக்குச் சொல்வீர்களா?

‘சி’ பகுதி முழுவதையும், எழுத்துருக்களையும் சேர்த்துக் கொப்பி எடுத்துத் தருவீர்களா?

கடைசிக் கேள்வியை அன்று நாங்கள் கேட்டிருந்தால் போதும். பெரியம்மாவிடம் அந்தப் பற்றுச்சீட்டுகள் இன்றும் இருந்திருக்கும்.

இப்போது அவரிடம் இரண்டு பென் டிரைவ்கள் இருக்கின்றன. ஒன்று அவருடைய அலுமாரியில், பழைய ஆவணப் பைக்குள். மற்றது எங்கள் வீட்டில். புதிதாக ஒரு கடிதம் எழுதினால், இரண்டிலும் ஏற்றிய பின்னர்தான் கணினியை மூடுவார்.